மலைக்கு ஏறி வந்த மூன்று தொட்டிகள்

உங்களுக்கெல்லாம் திடீரென்று செடிப் பைத்தியம் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஹாலில் ஒரு மூலை காலியாகிவிட்டது, அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு செடி நின்றால் நன்றாக இருக்கும் என்று யாரோ போனில் படம் காட்டியிருக்கிறார்கள். காலை நடையில் என்னோடு வருகிறவர்களில் யாராவது ஒருவர் வாரம் தவறாமல் கேட்டுவிடுகிறீர்கள்: "உங்க வூட்டு ரப்பர் செடி மட்டும் எப்பிடிம்மா கூரையத் தொடுது? இன்னா ஊத்தறீங்க?"

சொல்கிறேன். ஊற்றுவது அப்புறம், முதலில் வாங்குவதைக் கேளுங்கள். கடைக்காரர் இலை பளபளக்கும் செடியைத்தான் முன்னால் இழுத்து வைப்பார். நம்பாதீர்கள், எண்ணெய் தடவியிருப்பார். இலையின் முகத்தைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிப் பாருங்கள், பூச்சி அங்கேதான் குடியிருக்கும். மேல்மண் கறுப்பாகப் பொலபொலவென்று இருந்தால் நேற்றுத்தான் தொட்டி மாற்றியிருக்கிறார்கள், வேர் இன்னும் மண்ணைப் பிடித்திருக்காது. தண்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டுங்கள். ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் ஹாலில் எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று தெரியாமல் கடைக்கே போகாதீர்கள்.

நான் ஒரு சந்தேகப் பிராணி என்று என் மருமகள் சொல்வாள். உண்மைதான். ஆனால் செடியைச் சந்தேகப்படக் கற்றது பிற்பாடு. அதற்கு முன்பே ஆளைச் சந்தேகப்படக் கற்றுக்கொண்டேன். அது நடந்தது ஜவ்வாது மலையில், காவலூருக்கும் மேலே எங்கள் ஊரில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது.

அந்த ஆனி மாதம் உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றி வந்த லாரியில் புது நர்ஸம்மா வந்து இறங்கினார். வேலூர்ப் பக்கம், நாற்பது வயது இருக்கும், கூட யாரும் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, ஆள் கட்டிப்பிடிக்கும் அளவில் மூன்று மண்தொட்டிகள். தொட்டிகளைச் சுற்றிச் சாக்கு கட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு செடி. செடி என்றா சொல்வது, அவர் உயரத்துக்கு நின்றன. ஒன்று கரும்பச்சையில் தடித்த இலை வைத்த ரப்பர் செடி, ஒன்று ஓலை மாதிரி விரிந்த பாக்குச் செடி, மூன்றாவதன் பெரிய இலைகளில் நடுநடுவே ஓட்டை. பூச்சி தின்ற செடியைப் போய்ச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாரே என்றுதான் நான் நினைத்தேன். அந்த இலையே அப்படித்தான் என்று அப்புறம் தெரிந்தது.

தொட்டி ஒன்றுக்கு நான்கு பேர் வேண்டியிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு பக்கம் தோள் கொடுத்தார். இறக்கி வைத்துவிட்டு வந்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"வெறும் மண்ணு இந்தக் கனம் கனக்காது மச்சான். சாய்க்காதீங்க, சாய்க்காதீங்கன்னு கூடவே ஓடியாருது அந்த அம்மா. காட்டுக்கு எவனாச்சும் செடி கொண்டாருவானா? உள்ள இன்னாவோ கீது."

மாமாவைக் குறை சொல்ல முடியாது. மலையிலிருந்து எல்லாம் கீழேதான் போகும். புளி, தேன், கடுக்காய், சாமை எல்லாம். கீழேயிருந்து செடி மேலே ஏறி யாரும் பார்த்ததில்லை. அதோடு, எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு மரத்தைப் பார்க்கும் விதமே வேறு. கீழ்நாட்டில் பூவைப் பார்ப்பார்கள், காயைப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் அடியைப் பார்ப்பார்கள். சந்தன மலை அது. வாசமும் விலையும் வேரில் இறங்கியிருக்கும், வெட்டுகிறவன் வேர்க்கட்டை வரை தோண்டிவிடுவான். சொந்தக் கொல்லையில் தானாக முளைத்தாலும் சந்தனம் சர்க்கார் மரம், கட்டையோடு பிடிபட்டால் ஜெயில். எனவே ஒளிப்பதென்றால் மண்ணுக்குள்தான், எருக்குழிக்கு அடியில், குப்பைமேட்டுக்கு அடியில். ஒரு தொட்டி நிறைய மண், மேலே கண்துடைப்புக்கு ஒரு செடி என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. மாமாவும் மரத்தில் கை வைத்தவர். அதை நான் அப்போதே அறிவேன், வெளியே சொல்லக் கூடாது என்பதையும் அறிவேன்.

நர்ஸம்மா வந்து இரண்டு மாதத்தில் அம்மா அவரிடம் போக ஆரம்பித்தாள். எனக்கு அடுத்துப் பிறந்தது தங்கவில்லை. இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். உள் அறையில் அம்மாவைப் படுக்க வைத்துப் பார்க்கும் நேரத்தில், முன்னறையில் ஒரு ஈரத் துணியைக் கொடுத்து நர்ஸம்மா என்னை இலை துடைக்கச் சொல்வார். ஒரு கையை இலைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு மறு கையால் துடைக்க வேண்டும், குழந்தைக்கு முதுகு தேய்க்கிற மாதிரி. எங்கள் ஊர் விறகுப் புகை அந்த வீட்டுக்குள்ளும் வரும், துணி கறுத்துவிடும். அந்த அறையில் டெட்டால் வாசனையும் ஈர மண் வாசனையும் சேர்ந்து இருக்கும். நீண்ட மூக்கு வைத்த ஒரு தகரப் பூவாளி ஜன்னலடியில் இருக்கும். அந்த மாதிரிப் பூவாளியை இப்போது எந்தக் கடையிலும் காணோம், பிளாஸ்டிக்கில் வருகிறது, மூக்கு இரண்டே மாதத்தில் உடைந்துவிடுகிறது.

இத்தனை பெரிய செடியை வீட்டுக்குள் வைப்பானேன் என்று அம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"வெளிய வெச்சா உங்க ஆடு வுடுமா?" என்று சிரித்தார் நர்ஸம்மா. பிறகு சொன்னார்: "தனியா இருக்கறவ நான். வூட்டுக்குள்ள வந்தா என் உசரத்துக்கு யாராச்சும் நிக்கணும் போல இருக்கு. சின்னச் செடின்னா குனிஞ்சி பாக்கணும். அது எனக்குப் புடிக்கல."

அம்மா வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னாள். ஊருக்கு அது போதவில்லை. ஜன்னலில் நர்ஸம்மா வெள்ளை வேட்டித் துணியைத் தொங்கவிட்டிருந்தார், மேற்கு வெயில் இலையைக் கருக்காமல் இருக்க. ஊரார் கண்ணுக்கு மறைப்பு என்று பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தொட்டிகளைக் கால் சுற்று திருப்புவார், திருப்பாவிட்டால் செடி ஜன்னல் பக்கமே கூனிவிடும். சிமெண்டுத் தரையில் தொட்டி உரசும் சத்தம் தெரு வரை கேட்கும். எதையோ இழுத்து இழுத்து வைக்கிறாள் என்று பேச்சு. குளிர் தொடங்கியதும் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி ஊற்றினார். "செடிக்கு வெந்நீர் வெக்கிறாளாம்" என்பது அடுத்த ஊர் வரை போனது. காவலூரில் தொலைநோக்கிக்கு வெள்ளைக் கூண்டு கட்டி வானத்தைப் பார்க்கிறவர்களைக் கூட எங்கள் ஊர் விட்டுவிட்டது. இவரை விடவில்லை.

நானும் விடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். துடைக்கும்போது தொட்டியைக் காலால் தட்டிப் பார்ப்பேன். சத்தம் எப்படி வருகிறது என்று மாமா கேட்டுவரச் சொல்லியிருந்தார்.

புரட்டாசியில் அந்த ரப்பர் செடியின் ஒரு கிளையில் துணிக்கட்டு ஒன்று முளைத்தது. பட்டையைக் கொஞ்சம் சீவி, ஈரப் பாசியை வைத்து, துணியால் சுற்றி, அதன்மேல் நூல் கட்டியிருந்தார். பதியம் போடுவது என்று எனக்குச் சொன்னார். வாரம் இரண்டு தடவை அந்தக் கட்டை நனைக்கும் வேலை எனக்கு வந்தது. ஐப்பசியில் பிரித்தபோது பாசிக்குள் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. அதற்குக் கீழே வெட்டினார், பால் சொட்டியது, சாம்பல் தொட்டு அடைத்தார். வெட்டிய கிளையைச் சாக்கில் சுற்றி வைத்தார். மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் காட்டிலாகா ஜீப் வந்து அவர் வீட்டு வாசலில் நின்றது. ரேஞ்சர் வீட்டு அம்மாவுக்குச் செடி மேல் ஆசையாம். டிரைவர் சாக்குக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

ஜீப் எங்கள் ஊரில் நின்றால் ஆண்கள் கொல்லைக்குள் போய்விடுவார்கள். மாமா புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

"சாக்குல சுத்தி இன்னா குடுத்துச்சி?"

"செடி மாமா. ரப்பர் செடிக் கெள. வேரு வந்துச்சி, நான் பாத்தேன்."

"சாக்குல கட்டுனத நீ பாத்தியா? பிரிச்சிப் பாத்தியா?"

நான் பிரித்துப் பார்க்கவில்லை. வெட்டியதைப் பார்த்தேன், சுற்றியதைப் பார்த்தேன், கட்டு போனதைப் பார்த்தேன். ஆனாலும் மாமா கேட்ட மாதிரி கேட்டால் நம் கண்ணே நமக்குச் சந்தேகமாகிவிடும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதே நான் "தெரியாது" என்று மாற்றிச் சொல்லிவிட்டேன்.

அதே மாதக் கடைசியில் காட்டிலாகா ஆட்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் நேராகப் போய், நேராக ஒரு இடத்தில் தோண்டிக் கட்டைகளை எடுத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேரைத் திருப்பத்தூருக்குக் கொண்டுபோனார்கள். யார் காட்டிக் கொடுத்தது என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் யாரும் யோசிக்கவே இல்லை. நர்ஸம்மாதான். வேடிக்கை என்னவென்றால், ரேஞ்சரிடம் உளவு சொல்கிறார் என்றும் சொன்னார்கள், தொட்டியில் கட்டை வைத்து ரேஞ்சரோடு சேர்ந்து கடத்துகிறார் என்றும் சொன்னார்கள். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் அவரிடம் போவதை நிறுத்தினார்கள். அம்மா மட்டும் போனாள். முந்தின பிள்ளையைப் புதைத்தவள் அவள், ஊர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மார்கழியில் நர்ஸம்மா பயிற்சிக்கென்று பத்து நாள் வேலூருக்குப் போனார். சாவியை அம்மாவிடம் கொடுத்தார். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "குளிர் காலம். தண்ணி ஒரே ஒரு தடவ போதும். வெரல ரெண்டு கணு மண்ணுல வுட்டுப் பாரு. மண்ணு ஒட்டுச்சின்னா ஊத்தாத. பாவமா இருக்குன்னு ஊத்தாத."

மூன்றாம் நாள் பகலில், ஊரே கொள்ளு அறுக்கப் போயிருந்த நேரம், மாமா வந்து அப்பாவிடம் சாவி கேட்டார். அப்பா கொஞ்சம் தயங்கினார். "பாத்துட்டு அப்பிடியே வெச்சிடலாம் மச்சான், ஒண்ணும் தெரியாது" என்றார் மாமா. அம்மா அறுப்பில் இருந்தாள். சாவி எந்தப் பானையில் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். எடுத்துக் கொடுத்தேன்.

ரப்பர் செடியின் தண்டை நான் பிடித்துக்கொண்டேன். அப்பாவும் மாமாவும் தொட்டியைச் சாய்த்தார்கள். மண் வந்தது, மண்ணுக்குக் கீழே ஆற்று மணல் வந்தது, மணலுக்குக் கீழே கரித்துண்டுகள், அதற்கும் கீழே உடைந்த ஓடு. தண்ணீர் தேங்காமல் வடிய அப்படி அடுக்குவார்கள். நீங்களும் அப்படித்தான் அடுக்க வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. கனம் அந்த மணலாலும் ஓட்டாலும்தான்.

"இதுல இல்ல" என்றார் மாமா. பாக்குச் செடியைச் சாய்த்தார்கள். அதிலும் மணல், கரி, ஓடு. "அப்ப மூணாவதுலதான்" என்றார். அதிலும் இல்லை. ஓட்டுத் துண்டைத் திருப்பித் திருப்பி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று அவருக்கு எடுத்துக்கொள்ள வரவில்லை. "முன்னாடியே எடுத்துட்டுகிறா" என்றார்.

அள்ளித் திரும்பப் போட்டோம். எது மேல் எது கீழ் என்று பார்க்க நேரமில்லை, அறுப்பிலிருந்து ஆட்கள் திரும்பிவிடுவார்கள். வேர் சில அறுந்துவிட்டது. தரையில் சிந்திய பாலை நான் என் பாவாடையால் துடைத்தேன். அந்தக் கறை கடைசி வரை போகவில்லை.

பயத்தில் நான் தினமும் தண்ணீர் ஊற்றினேன். விரலை விட்டுப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் மூன்று தொட்டிக்கும் பூவாளி நிறைய ஊற்றினேன். ரப்பர் செடியின் இலை உதிரும்போது சத்தம் கேட்கும், தடித்த இலை, சிமெண்டுத் தரையில் தொப்பென்று விழும். நான் உள்ளே நிற்கும்போதே இரண்டு விழுந்தன. விழுந்ததையெல்லாம் பொறுக்கிக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். ஓட்டை இலைச் செடி அடியில் அழுகி நாற்றம் வந்தது. அம்மாவிடம் அப்போதும் நாங்கள் யாரும் சொல்லவில்லை.

நர்ஸம்மா வந்த அன்று அம்மாவும் நானும் சாவி கொடுக்கப் போனோம். கதவைத் திறந்தவர் மூன்று செடிகளையும் பார்த்தார். கிட்டே போய்க் குனிந்தார். தொட்டியின் மேல்மண்ணில் கரித்துண்டும் உடைந்த ஓடும் கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அடியில் இருக்க வேண்டியது மேலே வந்திருக்கிறது. கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கெடச்சிதா?"

"தண்ணி ஊத்தினேன் நர்ஸம்மா. தெனம் ஊத்தினேன்."

கையிலிருந்ததை அவர் தொட்டி விளிம்பில் வைத்தார். அம்மா என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். நர்ஸம்மா எப்போது திருப்பிச் செய்வார், எப்படிச் செய்வார். அவர் எதுவும் செய்யாமல் இருந்தது பயத்தை அதிகமாக்கியது. திட்டிவிட்டால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

தை கடைசியில் அம்மாவைப் படுக்க வைத்து வயிற்றை ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார். பிறகு அவரே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். "கொழந்த குறுக்கால படுத்திருக்கு. திருப்பிப் பாத்தேன், திரும்பல. இங்க பொறக்காதுங்க. ஒடம்புல ரத்தமும் கம்மியா இருக்கு. வலி வர்றதுக்கு முன்னாடியே திருப்பத்தூர் ஆஸ்பத்திரில சேர்த்துடணும். இந்த லெட்டர அங்க டாக்டரம்மா கைல குடுங்க. மாசி பொறந்ததும் போய்டுங்க, தள்ளாதீங்க."

பழுப்புக் கவர். ஒட்டியிருந்தது. அவர் போனதும் மாமா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கு எழுதுறவ இன்னாத்துக்கு ஒட்டணும்? செடியப் பாழ் பண்ணிட்டோம்னு தெரிஞ்சிப் போச்சி. சும்மா வுடுவாளா? நீங்க கீழ எறங்கிக் குடுப்பீங்க, பிரிச்சிப் படிச்சிட்டு போலீசக் கூப்புடுவாங்க, அவன் அங்கியே உங்களப் புடிச்சி வெச்சிக்குவான். அப்புறம் நான். அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. நம்ம ஊர்ல பொறக்காத கொழந்தயா?"

அம்மா பின்கொல்லையில் படுத்திருந்தாள். அப்பா கவரை என் முன்னால் வைத்தார். வீட்டில் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

அதற்கு முன் அப்பா என்னிடம் எதையும் யோசனை கேட்டதில்லை. பிரித்துப் படித்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் நான் பயந்தது போலீசுக்காக இல்லை. சாவியை எடுத்துக் கொடுத்தது நான், தண்டைப் பிடித்தது நான். அதெல்லாம் உள்ளே எழுதியிருக்கும், அப்பா முன்னால் நானே உரக்கப் படிக்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன்.

"எரிச்சிடலாம்பா" என்றேன்.

பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டு ஒரு பெரிய மனிதர் முடிவெடுத்தார். அப்பா நல்லவர்தான், அம்மா மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் பயந்த மனிதருக்குப் பக்கத்தில் யார் பேசினாலும் சரி என்றுதான் படும். கவரை நானே அடுப்பில் வைத்தேன். ஒட்டிய இடம் கடைசியாக எரிந்தது. அம்மாவிடம், போகலாம், அடுத்த புளி லாரியில் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே அப்பா நாளைத் தள்ளினார். மாசி பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது.

ஒரு நாள் உச்சிப் பொழுதில், அம்மாவுக்கு இடுப்பில் லேசாக வலி எடுத்த நேரம், ஜீப் சத்தம் கேட்டது. காட்டிலாகா ஜீப். நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. மாமா புளி உலுக்கிக்கொண்டிருந்த மரத்திலிருந்து குதித்து ஓடைப் பக்கம் ஓடினார். ஊரில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். அப்பாவும் ஓடினார். இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் ஓடினார்.

ஜீப்பிலிருந்து நர்ஸம்மா இறங்கினார். பின்னால் ரேஞ்சர் வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தார், மடியில் தலையணை வைத்துக்கொண்டு. அந்தப் பதியம் போய்ச் சேர்ந்தது அவரிடம்தான். அந்தப் பழக்கத்தில் நர்ஸம்மா கேட்க, அவர் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டு ஜீப்பை வாங்கி வந்திருக்கிறார்.

"இவங்க போக மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் நர்ஸம்மா, ரேஞ்சர் வீட்டு அம்மாவிடம். எங்களைப் பற்றி அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. அந்தச் சந்தேகம்தான் அம்மாவைக் காப்பாற்றியது.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஆண்கள் ஓடிய திசையை ஒருமுறை பார்த்தாள். "வாடி, ஏறு" என்று என்னிடம் சொன்னாள். யாரும் பிடிக்காமல் தானே நடந்து போய் ஜீப்பில் ஏறினாள்.

பாதி மலை இறங்கியதும் நர்ஸம்மா கேட்டார். "லெட்டர் எடுத்தாந்தியா?"

நான் அழுதேன். "எரிச்சிட்டோம். நான்தான் எரிச்சேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே செக்போஸ்டில் வண்டி நின்றபோது, பையிலிருந்து ஒரு தாள் எடுத்து முழங்காலில் வைத்து எழுதினார். ஒட்டவில்லை. மடித்து என் கையில் கொடுத்தார்.

"படிச்சிக்கோ. ஒண்ணும் தப்பா எழுதல. முன்னயும் இதான் எழுதினேன்."

படித்தேன். அம்மாவின் வயது, எத்தனாவது பிரசவம், குழந்தை குறுக்கே கிடப்பது, ரத்தம் போதாதது. செடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சாவியைப் பற்றி இல்லை, மாமாவைப் பற்றி இல்லை. கடைசி இரண்டு வரி இது: "அறுவைக்கு ரத்தம் வேண்டியிருக்கும். என்னுடையது எல்லாருக்கும் சேரும் வகை என்பதால் நானே வந்து கொடுக்கிறேன்."

நான் அடுப்பில் வைத்து எரித்தது அதைத்தான்.

சாயங்காலம் தம்பி பிறந்தான். நர்ஸம்மாவைப் பக்கத்து அறையில் படுக்க வைத்து ரத்தம் எடுத்து, புட்டியில் கொண்டுவந்து அம்மாவின் கட்டிலுக்கு மேல் தொங்கவிட்டார்கள். நர்ஸம்மா ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு, கையை மடித்துப் பிடித்தபடி வந்து குழந்தையைப் பார்த்தார். அப்பா மறுநாள் காலை நடந்தே வந்து சேர்ந்தார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. நர்ஸம்மாவின் காலில் விழப் போனார். அவர் நகர்ந்துகொண்டார்.

மாமா மூன்றாம் நாள் வந்தார், தலையில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் எதுவும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டு என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்தார். அக்கா பிழைத்ததைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த அம்மா ரத்தம் குடுத்துச்சாமே."

"ஆமா மாமா."

துண்டை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இன்னாத்துக்குக் குடுத்துச்சி?"

நீங்கள் சிரிப்பீர்கள். என்னால் முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. இரண்டு நாள் முன்னால், அந்தப் புட்டியிலிருந்து அம்மாவின் கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எனக்கு நன்றி வரவில்லை, அழுகை வரவில்லை. இந்த அம்மாவுக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. மாமா அதை வாய்விட்டுக் கேட்டார், நான் கேட்கவில்லை. எங்களுக்குள் அவ்வளவுதான் வித்தியாசம்.